நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு

ஜனவரி 6

அக்காவுக்கு,

நான் யார் என்று முதல் வரியிலேயே எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவீர்களோ என்று பயம். அதனால் அவரைப் பற்றித் தொடங்குகிறேன். இரண்டு வருஷமாக அவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. அது உங்களுக்குத் தெரிந்திருக்கும், உங்கள் வேலையில் கொடுத்த இன்சூரன்ஸ் அட்டையில்தான் எல்லாம் நடக்கிறது. போன மாதம் பத்தாம் தேதி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. அவருடைய இதயம் தாங்காது, ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். உடைந்த எலும்பு உடைந்தபடியே கிடக்கிறது. உட்கார வைத்தால் அவர் போடும் சத்தம் மூன்று மாடி தாண்டிக் கீழே கடைவரைக்கும் கேட்கிறது.

டயாலிசிஸை நிறுத்த முடியாது, நிறுத்தினால் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டார். அதனால் வீட்டிலேயே நடத்தும் என் தையல் கடைக்குத் துணி கொண்டுவரும் வேனில், துணிக்கட்டுகளின் மேல் படுக்க வைத்துக் கூட்டிப் போகிறேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கையைப் பிடித்து நகம் பதிக்கிறார். லிஃப்ட் ஓடாததால் ஆள் வைத்து மாடியிலிருந்து தூக்கி இறக்குகிற வேன்காரரும் இந்த மாதத்தோடு சரி என்று சொல்லிவிட்டார்.

அட்டையின் பின்னால் இருக்கும் நம்பரில் கேட்டேன். படுத்தபடி போகிற வண்டி வேண்டுமென்றால், நோயாளியால் உட்கார முடியாது என்பதற்கு எக்ஸ்ரே வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் எடுத்த படம் செல்லாதாம், கம்பெனியின் ஆளே எடுக்க வேண்டுமாம். எக்ஸ்ரே எடுக்கப் போக வண்டி கொடுங்கள் என்றேன். எக்ஸ்ரே இல்லாமல் வண்டி இல்லை என்றார்கள். அப்புறம் ஒருத்தர் மனது வைத்து, வீட்டுக்கே வந்து எடுக்கிற பரிசோதனை வண்டி இருக்கிறது, ஆனால் பாலிசிதாரர் வீட்டுக்குத்தான் வரும், வேறு வீட்டுக்கு வர அவருடைய கையெழுத்து வேண்டும் என்றார். பாலிசிதாரர் நீங்கள்.

எழுத வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு கையெழுத்துதான் அக்கா.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மாதிரி ஒருத்தி


ஜனவரி 10

தையல்காரிக்கு,

எனக்குத் தங்கை கிடையாது. இருந்திருந்தால் அவளும் என் கணவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டாள் என்று நம்புகிறேன். அதனால் அக்கா, தங்கை எல்லாம் வேண்டாம். மேடம் போதும். என் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், உனக்கும் அது பழகிவிடும்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியுமோ தெரியாதோ, இதே இன்சூரன்ஸ் கம்பெனியில் நோயாளிகளின் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுகிற பிரிவில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பதில். ஆம்புலன்ஸ் வருமா, ஸ்கேன் எடுக்க வீட்டுக்கு வருவீர்களா, இது அடங்குமா, அது அடங்காதா. உன்னுடையது நாற்பத்தொன்றாவது என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

படுக்கை வண்டி அடங்கும். நோயாளியால் உட்கார முடியாது என்று நிரூபித்தால். பரிசோதனை வண்டி உன் வீட்டுக்கு வருவதும் அடங்கும், நோயாளி தற்காலிகமாக அங்கே தங்கியிருக்கிறார் என்று நான் எழுதிக் கொடுத்தால். பன்னிரண்டு வருஷத்தைத் தற்காலிகம் என்று எழுதுவதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போனவர் இன்னும் திரும்பி வரவில்லை, அவ்வளவுதானே.

ஆனால் என் கையெழுத்து மட்டும் போதாது. இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். நோயாளியைக் கூட இருந்து கவனித்துக்கொள்கிறவர் தன் கைப்பட நிரப்ப வேண்டியது. பதினோராவது கட்டத்தைப் பார். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டிருக்கும். கணவன் அல்லது மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர், சம்பளப் பணியாள். நான்கில் ஒன்றை எழுத வேண்டும். ஐந்தாவது என்று ஒன்று கிடையாது.

நீ எது?

போன் செய்யாதே. அலுவலகத்தில் எல்லா அழைப்பும் பதிவாகிறது, வீட்டில் உன் குரலைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.


ஜனவரி 13

மேடம் அவர்களுக்கு,

படிவம் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். பதினோராவது கட்டத்தை மட்டும் விட்டிருக்கிறேன். மூன்று நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூட வசிப்பவர் என்று எழுதலாமா? தெரிந்தவர் என்று எழுதினால் ஒத்துக்கொள்வார்களா? அவரிடம் படித்துக் காட்டினேன். "என் தங்கச்சின்னு போட்டுடு, யாரு வந்து பாக்கப் போறாங்க" என்று சிரித்தார். அவருக்கு எல்லாமே விளையாட்டு. நான் பொய் எழுதி அது பிடிபட்டு வண்டி நின்றுவிட்டால் சாகப்போகிறது அவர்தான்.

நான் அவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை மேடம். லிஃப்ட் கெட்டுப்போய் மூன்று தடவை வந்தார். நான்காவது தடவை லிஃப்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அப்போதும் வந்தார். கதவைச் சாத்தியிருக்கலாம், சாத்தவில்லை. அந்தத் தப்பை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் பன்னிரண்டு வருஷம் சமைத்துப் போட்டது, ஊசி போட்டுவிட்டது, இந்த ஐந்து வாரமாக மலம் மூத்திரம் எடுப்பது எல்லாம் எந்தக் கட்டத்தில் வரும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்களுக்கு விதி எல்லாம் தெரியும். அந்த இடத்தை நீங்களே ஏதாவது எழுதி நிரப்பிவிடுங்கள், நான் என்ன என்று கேட்க மாட்டேன். நேற்று அவருடைய கால் இரண்டும் வீங்கியிருந்தது. வேன்காரர் திங்கட்கிழமை வரவில்லை.


ஜனவரி 16

தையல்காரிக்கு,

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். காலியாக விட்ட கட்டத்தைச் சிவப்பில் சுற்றியிருக்கிறேன், கண்ணில் படாமல் போய்விடக் கூடாது அல்லவா. உன் கைப்பட என்று நான் எழுதியதை நீ படிக்கவில்லையா, இல்லை படித்தும் படிக்காத மாதிரி இருக்கிறாயா?

சரி, உனக்காக நானே சொல்கிறேன். மனைவி நீ இல்லை, அது நான். பிள்ளை இல்லை. எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் நாம் இரண்டு பேரும் சமம். உடன்பிறந்தவள் இல்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒன்று. சமைக்கிறாய், துவைக்கிறாய், துடைக்கிறாய். உலகத்தில் அதற்கு ஒரு பெயர்தான். பன்னிரண்டாவது கட்டத்தில் சம்பளம் என்ன என்று கேட்டிருப்பார்கள், அங்கே "சாப்பாடும் இருப்பிடமும்" என்று போடு. உன் வீடு, உன் சாப்பாடு என்று எனக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியாது.

இன்னொரு விஷயமும் நீ தெரிந்துகொள். என் அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்கு என் கணவர் தூரத்தில் வேலை பார்க்கிறார். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். யாராவது "சார் எப்ப வர்றாரு மேடம்" என்று கேட்டால் அடுத்த மாசம் என்பேன். கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டோம் என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே அவர் பெயர் என் பாலிசியிலிருந்து போய்விடும். வண்டி மட்டும் இல்லை, டயாலிசிஸும் போய்விடும். அந்தத் தாளை வருஷா வருஷம் எடுத்துப் பார்த்துவிட்டு மேஜையின் உள்ளேயே வைத்துவிடுகிறேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

ஒன்று நீ எழுது. இல்லாவிட்டால் நான் எழுதுகிறேன்.


ஜனவரி 18

மேடம்,

எழுதிவிட்டேன். சம்பளப் பணியாள் என்று, என் கைப்பட, இஸ்திரி போடும் மேஜையின் மேல் வைத்து. சம்பளத்துக்கு நீங்கள் சொன்னதையே போட்டிருக்கிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

நேற்று டயாலிசிஸுக்குப் போக முடியவில்லை. மூச்சு வாங்குகிறது. சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்.


ஜனவரி 21

தையல்காரிக்கு,

எழுத்து அழகாக இருக்கிறது. நகல் எடுத்து ஒன்று என்னிடம் வைத்துக்கொண்டேன்.

பரிசோதனை வண்டி இருபத்துநான்காம் தேதி காலை பத்து மணிக்கு வரும். எக்ஸ்ரே எடுப்பவரும் ரத்தம் எடுப்பவரும் ஒரே ஆள்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வருவார். படுக்கைக்குப் பக்கத்தில் பிளக் இருக்க வேண்டும், உன் தையல் மெஷினைக் கழற்றி இடம் பண்ணிக் கொடு. அட்டையைத் தயாராக வை.

முக்கியமான விஷயம். படம் எடுப்பவர் நோயாளியைப் பார்த்துக் குறிப்பும் எழுதுவார். உட்கார்ந்தாரா, உட்காரவில்லையா. வருவது ஒரு பெண். என் கணவரைப் பற்றி எனக்குத் தெரியும். பெண் ஆள் ஒருத்தி அறைக்குள் வந்தால் அவர் படுத்துக்கொண்டு இருக்க மாட்டார். எலும்பு உடைந்திருந்தாலும் எழுந்து உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டு ஒரு ஜோக் சொல்லப் பார்ப்பார். உட்கார்ந்தார் என்று அவள் ஒரு வரி எழுதினால் போதும், நாற்காலி வண்டிதான் கிடைக்கும். அதில் அவரால் போக முடியாது. பிறகு நான் நினைத்தாலும் மாற்ற முடியாது.

பிடித்து வை. பணியாளுக்கு அது கூட முடியாதா என்ன.


ஜனவரி 27

மேடம்,

நீங்கள் சொன்ன மாதிரியே நடந்தது. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். பெட்டியோடு மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றாள். "இந்த லிஃப்டை நான்தாம்மா உசிரோட வச்சிருந்தேன், நான் படுத்ததும் அதுவும் படுத்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே இவர் முழங்கையை ஊன்றி எழுந்தார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து அமுக்கினேன். வலியில் முகம் கோணிவிட்டது. ஆனாலும் சிரிப்பை விடவில்லை. அவள் குனிந்து வயர் மாட்டிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், முன்னாடியே சொல்லியிருக்காவிட்டால் கெட்டிருக்கும்.

படம் எடுத்து முடித்துவிட்டுப் படிவத்தைப் பார்த்து அவள் என்னிடம் கேட்டாள், "நீங்க சம்பளத்துக்கு இருக்கறவங்களா?" நான் ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நானே எழுதிக் கொடுத்தது, சொல்வதில் என்ன இருக்கிறது. அதற்குள் அவர் முந்திக்கொண்டார். "வேலைக்கு இருக்கறவங்கதான்மா. ரொம்ப நல்ல மாதிரி. சொன்னதைச் சொன்னபடி செய்வாங்க, கை சுத்தம்."

கை சுத்தம் என்றார் மேடம்.

அவள் போன பிறகு அவர் ஏதாவது சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன். சும்மா சொன்னேன் என்று சொல்வார், காரியத்துக்காகச் சொன்னேன் என்றாவது சொல்வார். டீ போடு என்றார். போட்டுக் கொடுத்தேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

இதை எதற்கு உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியாது. உங்களைத் தவிர யாருக்கும் அவரைத் தெரியாது.

வண்டி எப்போது வரும்? நான் கூட உட்கார்ந்து வரலாமா?


ஜனவரி 31

தையல்காரிக்கு,

கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் பக்கத்து மேஜைக்காரர் என்ன மேடம் என்று கேட்டுவிட்டார். நான் உன்னை எழுத வைத்தேன், அது உண்மை. அவரை யாரும் எதுவும் சொல்ல வைக்கவில்லை. எழுதியதை நினைத்து நீ அழுதிருந்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. இதற்கு எதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாய்?

படுக்கை வண்டி அனுமதி ஆகிவிட்டது. பிப்ரவரி மூன்றாம் தேதியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், போக வர. நோயாளியோடு குடும்பத்தினர் ஒருவர் உட்காரலாம். சம்பளப் பணியாள் உட்கார முடியாது. இது நான் போட்ட விதி இல்லை. முன்பு எப்போதோ ஒரு பணியாள் வழியில் நோயாளியின் மோதிரத்தைக் கழற்றிவிட்டானாம், அன்றிலிருந்து இப்படி. கை சுத்தம் என்று அவர் சொன்னதை எழுதிக் கொடுத்துப் பார், ஒத்துக்கொள்கிறார்களா என்று.

நீ பஸ்ஸில் போகலாம்.


பிப்ரவரி 11

மேடம்,

வண்டி வருகிறது. வெள்ளை விரிப்பு, பெல்ட், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஏற்றும்போது அவர் சத்தம் போடவில்லை. நகம் பதிக்க என் கையும் தேவைப்படவில்லை. நான் பஸ்ஸில் இரண்டு தடவை மாறிப் போய்ச் சேர்வதற்குள் மெஷின் மாட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வண்டியின் அனுமதித் தாளைப் பார்த்துவிட்டுப் பணியாளெல்லாம் வெளியே இருங்க என்று நர்ஸ் சொல்லிவிடுகிறார். வராந்தாவில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறேன். அந்தக் கதவில் ஒரு கண்ணாடி இருக்கிறது, அதில் அவருடைய பாதம் தெரியும்.

இப்போது ஒரு சிக்கல். ஒரு மாடிக்கு மேல் ஸ்ட்ரெச்சரைத் தூக்க மாட்டோம் என்று வண்டிக்காரர்கள் முதல் நாளே சொன்னார்கள். கீழ்க்கடை ஆட்கள் இரண்டு பேரும் நானுமாகப் போர்வையில் வைத்து மூன்று மாடி இறக்கினோம். திரும்பி வரும்போது ஏற்றினோம். நான்கு நாள் இப்படிச் செய்தாயிற்று. நேற்று ஒரு ஆளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, இனிமேல் முடியாது என்கிறார்கள். லிஃப்டைச் சரிபண்ணக் கட்டடத்துக்காரர் வாயே திறப்பதில்லை. வேறு முகவரி கொடுக்கலாமா? கீழ்க்கடையில் ஒரு மூலை காலி பண்ணித் தரச் சொல்லிக் கேட்கிறேன், அங்கே படுக்க வைத்தால் வண்டி வருமா?


பிப்ரவரி 14

தையல்காரிக்கு,

கடை என்பது வசிக்கும் இடம் ஆகாது. வராது.

அனுமதி இருப்பது இரண்டு முகவரிக்குத்தான். ஒன்று உன் மூன்றாவது மாடி. இன்னொன்று பதிவில் இருக்கிற முகவரி, அதாவது என் வீடு. தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு படி. ஹாலில் கட்டில் போட்டால் ஸ்ட்ரெச்சர் நேராகக் கட்டில்வரை வரும். பரிசோதனை வண்டியும் கேள்வி இல்லாமல் வரும். உடன் உட்கார்ந்து போக மனைவி இருக்கிறாள். இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு. காட்டுவாயா மாட்டாயா என்று பார்க்கிறேன்.


பிப்ரவரி 22

தையல்காரிக்கு,

அவர் வந்துவிட்டார். இது உனக்குத் தெரியும், ஆஸ்பத்திரி வாசலில் நீ நின்றுகொண்டிருந்ததாக டிரைவர் சொன்னார். அவர் சொன்ன இன்னொன்றையும் நான் எழுத வேண்டும். எந்த முகவரிக்குப் போகணும் என்று கேட்டபோது, "பெரியவரே வாயைத் திறந்து உங்க அட்ரஸைச் சொன்னாரும்மா" என்றார். நீ சொல்லவில்லை. அட்டையைப் பார்த்து அவர்களாகவும் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்துக் கதவு எண்ணோடு, தெருவோடு, மாறிப்போன பழைய திருப்பத்தோடு அவரே சொல்லியிருக்கிறார். டிரைவரிடம் இரண்டாவது தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அழுதேன். உனக்கு எழுதுகிறேன் என்பதில் எனக்கு வெட்கமில்லை. யாரிடம் சொல்வது, அலுவலகத்தில் சொன்னால் எங்கிருந்து வந்தார் என்பார்கள். தூரத்து வேலையை விட்டுவிட்டார், இனிமேல் வீட்டில்தான் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று நான்கு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லோரையும் சிரிக்க வைத்தார். என்னை அவர்களிடம் காட்டி, "இவங்க இல்லேன்னா நான் இல்ல" என்றார். நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். இந்த வயசில் எனக்கு இதெல்லாம் என்ன என்று இருந்தது, ஆனாலும் இருந்தது.

அந்தத் தாளை மேஜையிலிருந்து எடுத்துக் கிழித்துவிட்டேன். உன் படிவத்தின் நகலையும் கிழித்துவிட்டேன். இனி அது எனக்கு வேண்டாம்.

சில விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. புரட்டும்போது கத்துகிறார், எந்தப் பக்கம் புரட்டுவது? முதுகுக்குக் கீழே சிவந்திருக்கிறது, அங்கே என்ன போடுவாய்? தண்ணீர் எவ்வளவு கொடுக்கலாம்? கேட்டால் வலிக்கவில்லை என்கிறார், பிறகு கத்துகிறார். விவரமாக எழுது.

ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்று எழுதாதே. வேண்டாம்.


பிப்ரவரி 26

மேடம்,

இடது பக்கமாகப் புரட்டுங்கள். உடைந்தது வலது. புரட்டுவதற்கு முன்னால் இரண்டு முட்டிக்கும் நடுவே தலையணை வைத்து, இடுப்பையும் தோளையும் ஒன்றாகப் பிடித்து ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால்தான் கத்துவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மல்லாத்தியும் இடது பக்கமுமாக மாற்றி வைக்க வேண்டும். சிவந்த இடத்தில் எதுவும் தடவாதீர்கள், ஈரம் இல்லாமல் துடைத்துக் காற்றுப் பட விடுங்கள், தோல் உரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணீர் ஒரு நாளைக்கு நான்கு டம்ளர், குழம்பு டீ எல்லாம் அதிலேயே சேர்த்தி. கேட்டுக்கொண்டே இருப்பார், கொடுக்காதீர்கள். வலிக்கவில்லை என்று சொல்வார். புருவத்தைப் பாருங்கள். வலது புருவம் இறங்கினால் வலி.

முட்டிக்கு நடுவே வைக்க நான்கு திண்டு தைத்து அனுப்பியிருக்கிறேன். உறை கழற்றித் துவைக்கலாம்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு நாள் முழுக்க நிறுத்தித்தான் வைத்திருந்தேன்.

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். மாட்டேன் என்று நினைத்தீர்கள், காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். மறுநாள் டயாலிசிஸ் முடிந்து ஸ்ட்ரெச்சரை வண்டியில் ஏற்றினார்கள், நான் அவருடைய துணிப் பையோடு பக்கத்தில் நின்றேன். வீட்டில் ஏற்ற ஆள் இல்லையென்று நினைத்து எங்கே போவது என்று டிரைவர் கேட்டார். நான் அவரைப் பார்த்தேன். கீழ்க்கடையில் கெஞ்சிக் கூத்தாடி வேறு இரண்டு ஆளைப் பிடித்து வைத்திருந்தேன், அது அவருக்கும் தெரியும்.

அவர் டிரைவரிடம் கேட்டார், "தரைத்தளம்னா வாரம் மூணு தடவையும் நீங்களே வந்து தூக்குவீங்களா?" தூக்குவோம் என்றார். "ஆளைத் தேட வேண்டாம்ல? இடைல நிப்பாட்ட மாட்டீங்கள்ல?" மாட்டோம் என்றார். "டெஸ்டுக்கும் அங்கயே வருவாங்களா?" வருவார்கள் என்றார். இதெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் உங்கள் கதவு எண்ணைச் சொன்னார். தெரு அவருக்கு நினைவில் இல்லை மேடம். உங்கள் கடிதத்தின் மேலே வீட்டு முகவரி அச்சடித்திருக்கிறதே, அந்தத் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். அதை எடுத்துப் பார்த்துத்தான் படித்தார். மாறிப்போன பழைய திருப்பத்தைச் சொன்னதும் அந்த டிரைவர்தான், அவருக்கு உங்கள் பக்கம் பழக்கமாம்.

என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "பையை முன்னால வை." வைத்தேன். கதவைச் சாத்தினார்கள்.

இவங்க இல்லேன்னா நான் இல்ல என்று அவர் சொன்னது பொய் இல்லை. என்னைக் காட்டியும் சொல்லியிருக்கிறார், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம். அப்போது என் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவருக்கு வேலை போயிருந்தது. நானும் உங்களைப் போலச் சமையலறைக்குள் போய் நின்றேன். யார் தூக்குகிறார்களோ அவர்களிடம் அவர் நன்றாகத்தான் பேசுவார். உங்களிடம் அவர் வரவில்லை. அந்த வண்டி எங்கே வருமோ அங்கே வந்திருக்கிறார். நாளைக்கே விதி மாறி வண்டி வேறு தெருவுக்குத்தான் போகும் என்றால் அந்தத் தெருவின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வார்.

இதை எழுதாமல் இருந்தால் உங்களுக்கு ஒன்றும் குறைந்திருக்காது. அவர் இன்னும் எவ்வளவு நாள் இருப்பாரோ, அதுவரைக்கும் நீங்கள் நினைத்ததை நினைத்துக்கொண்டு புரட்டிப் போட்டிருப்பீர்கள். எனக்கு அது தெரியும். நீங்கள் சந்தோஷமாக இருப்பது கடிதத்தில் ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. அதனால்தான் எழுதினேன்.